‘எனக்கே தெரியாதது ஊருக்கு எப்படித் தெரிஞ்சது?’ – இறுதிக்கால நோயாளரும் சமூக ஊடகமும்

தனக்கு இன்னும் சில மாதங்கள்தான் இருக்கின்றன என்பதை என் பெரியம்மாவுக்கு வைத்தியர் சொல்லவில்லை. பிள்ளைகளும் சொல்லவில்லை. வட்ஸ்அப்பில் வந்த ஒரு குரல்பதிவுதான் சொன்னது.

2023ஆம் ஆண்டு ஜூலை மாதம். கண்டியிலிருந்து வத்தேகம ஊடாகப் பன்விலவுக்குப் போய், அங்கிருந்து ஆட்டோவில் ஏறினால் வரும் தேயிலைத் தோட்டமொன்றின் லயத்தில் பெரியம்மா இருந்தார். வயிற்றில் தொடங்கிய புற்றுநோய் ஈரலுக்கும் பரவியிருந்தது. ‘வயித்துல கட்டி, மருந்து குடிச்சா கரைஞ்சிரும்’ என்றுதான் அவரிடம் சொல்லி வைத்திருந்தோம். கொழும்பில் கடையொன்றில் வேலை செய்யும் அவரது பேரன் விடுமுறையில் வந்தபோது, பெரியம்மா தூங்கிக்கொண்டிருப்பதைப் படம் எடுத்து முகநூலில் போட்டான். முடி கொட்டிய தலை, ஒட்டிய கன்னம், பாதி திறந்த வாய். ‘எங்கள் அம்மாயிக்காகப் பிரார்த்தியுங்கள். டொக்டர்மார் கைவிட்டுவிட்டார்கள்’ என்று எழுதியிருந்தான். பாசத்தில் செய்ததுதான்.

அந்தப் பதிவை நானும் பகிர்ந்தேன். ஊடகக் கற்கைகளில் பட்டம் பெற்று, பத்து வருடங்களுக்கு மேலாகப் பத்திரிகைகளுக்கு எழுதிவரும் நான், மேலே இரண்டு வரி சேர்த்து, யோசிக்காமல் பகிர்ந்தேன். நான் பகிர்ந்ததைப் பார்த்துத்தான் தமிழ்நாட்டில் கோத்தகிரியில் இருக்கும் பெரியம்மாவின் சித்தி மகள் அழுதுகொண்டே குரல்பதிவு அனுப்பினார். ‘அக்கா, டாக்டரே கைவிட்டுட்டாங்களாமே, ஒன்ன இந்த நெலமையில பாக்க முடியலையே’ என்று.

பெரியம்மாவுக்கு எழுத்து வாசிக்க வராது. ஆனால் குரல்பதிவைத் தொட்டுக் கேட்கத் தெரியும். இஸ்தோப்பில் தனியாக உட்கார்ந்து அதை இரண்டு தடவை கேட்டிருக்கிறார். அடுத்த வாரம் நான் போனபோது என்னிடம் ஒரு கேள்விதான் கேட்டார்.

“ஏ பாப்பா, எனக்கே தெரியாதது ஊருக்கு எப்படித் தெரிஞ்சிச்சு?”

அன்று என்னிடம் பதில் இருக்கவில்லை. இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியிலிருந்து தொடங்குகிறது.

குடும்பக் குழு என்றால் என்ன?

எங்கள் குடும்பம் எப்படிச் சிதறியது என்பதைச் சொல்லாமல் இதைப் பேச முடியாது. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின் கீழ் பெரியம்மாவின் சித்தி குடும்பம் கப்பலேறி நீலகிரிக்குப் போனது. 1977 வன்செயலின் பின்னர் தாத்தா என் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வன்னிக்குப் போனார். பெரியம்மா அப்போதுதான் கல்யாணம் முடித்திருந்ததால் பன்விலவிலேயே தங்கிவிட்டார். மலையகத்திலிருந்து 1977இலும் 1983இலும் வன்னிக்கு வந்த ஆயிரக்கணக்கான குடும்பங்களின் கதை இதுதான். நான் பிறந்தது கிளிநொச்சியில். பின்னர் இறுதி யுத்தத்தில் அந்த மக்களும் எல்லோரோடும் சேர்ந்து முள்ளிவாய்க்கால் வரை நடந்தார்கள்.

அந்த நடையில் தாத்தா இறந்தார். புதைத்த இடத்தை இன்று காட்டச் சொன்னால் என்னால் காட்ட முடியாது. படம் ஒன்றும் இல்லை. பன்விலவில் இருந்த மூத்த மகளுக்கு அந்தச் செய்தி போய்ச் சேர்ந்தபோது நாங்கள் முகாமில் இருந்தோம், மாதங்கள் கடந்திருந்தன. தகப்பன் செத்த நாள் தெரியாததால் பெரியம்மா ஒவ்வொரு வருடமும் ஆடி அமாவாசைக்கே படையல் வைத்தார்.

இப்படி ஒரு குடும்பத்துக்கு வட்ஸ்அப் குழு என்பது பொழுதுபோக்கு அல்ல. பன்வில, கிளிநொச்சி, கோத்தகிரி, பாரிஸ் என்று நான்கு இடத்தில் இருப்பவர்கள் ஒரே நேரத்தில் ஒரே செய்தியைக் கேட்பது எங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறையாக நடக்காத ஒன்று. அதனால்தான் யாருக்காவது வருத்தம் என்றால் உடனே படம் எடுக்கிறோம், உடனே அனுப்புகிறோம். இந்தத் தளத்தை வாசிக்கும் பலருக்கு இதை விளக்கத் தேவையில்லை. கடைசியாக ஒரு முகத்தைப் பார்க்க முடியாமல் போனவர்கள், அடுத்த முகத்தையாவது தவறவிடக்கூடாது என்று நினைக்கிறார்கள்.

அந்த நினைப்பு நியாயமானது. ஆனால் அந்த முகம் உயிரோடு இருக்கும் ஒருவருடையது என்பதையும், அவருக்கும் ஒரு விருப்பம் இருக்கும் என்பதையும் அந்த அவசரத்தில் மறந்துவிடுகிறோம்.

தானே சொல்வதும் பிறர் சொல்வதும்

குணப்படுத்த முடியாத நோயோடு வாழ்பவர்கள் சமூக ஊடகத்தைப் பயன்படுத்துவது பற்றி உலகில் நிறையப் பேசப்பட்டிருக்கிறது. அதிகம் அறியப்பட்ட பெயர்களில் ஒன்று கேட் கிரேஞ்சர். இங்கிலாந்தில் முதியோர் மருத்துவம் பார்த்த இளம் வைத்தியர். 2011இல் அவருக்கு அரிய வகைப் புற்றுநோய் இருப்பது தெரியவந்தது. தன் நோயைப் பற்றி டுவிட்டரில் தானே எழுதினார். 2013இல் வைத்தியசாலையில் படுத்திருந்தபோது, தன்னைப் பார்க்க வந்த ஊழியர்கள் பலர் தங்கள் பெயரைக்கூடச் சொல்லவில்லை என்பதைக் கவனித்து, ‘ஹலோ, என் பெயர்…’ என்ற இயக்கத்தைத் தொடங்கினார். பிரித்தானிய மருத்துவமனைகளில் ஊழியர்கள் தங்களை அறிமுகப்படுத்திக்கொள்ளும் வழக்கத்தை அது பரப்பியது. 2016 ஜூலையில் அவர் காலமானார்.

இன்னொருவர் டெபோரா ஜேம்ஸ். பெருங்குடல் புற்றுநோயோடு வாழ்ந்த அவர், 2022 மே மாதம் சிகிச்சையை நிறுத்திவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டதாகத் தானே அறிவித்து ஒரு நிதியத்தைத் தொடங்கினார். சில நாட்களிலேயே அறுபது இலட்சம் பவுணுக்கு மேல் சேர்ந்தது. அடுத்த மாதம் அவர் இறந்தார்.

இந்த இருவரிடமும் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. போன் அவர்களின் கையில் இருந்தது. எதைச் சொல்வது, எந்தப் படத்தைப் போடுவது, எப்போது நிறுத்துவது என்று தீர்மானித்தவர்கள் அவர்களே.

மறுபக்கத்துக்கும் ஓர் உதாரணம் இருக்கிறது. லீசா அடம்ஸ் என்ற அமெரிக்கப் பெண் தன் மார்பகப் புற்றுநோயைப் பற்றி வருடக்கணக்கில் டுவிட்டரில் எழுதிவந்தார். 2014 ஜனவரியில் எமா கெல்லர் என்ற பத்திரிகையாளர் த கார்டியனில் அதைக் கேள்விக்குட்படுத்தி ஒரு பத்தி எழுதினார். சில நாட்களில் அவருடைய கணவரும் நியூயோர்க் டைம்ஸின் முன்னாள் நிறைவேற்று ஆசிரியருமான பில் கெல்லர் தன் பத்திரிகையில் எழுதினார். நோயோடு போராடும் ஒரு பெண் எவ்வளவு பேசலாம் என்பதை வெளியில் இருப்பவர்கள் அளக்கிறார்கள் என்று வாசகர்கள் கொதித்தார்கள். கார்டியன் அந்தப் பத்தியைத் தளத்திலிருந்து நீக்கியது. 2015 மார்ச்சில் லீசா அடம்ஸ் இறந்தார்.

பல்கலைக்கழகத்தில் படித்தபோது இந்தச் சர்ச்சையை ஊடக ஒழுக்கம் பற்றிய பாடமாக நான் வாசித்திருந்தேன். கெல்லர் தம்பதியைக் குறை சொல்லி எழுதியும் இருந்தேன். பெரியம்மாவின் படத்தைப் பகிர்ந்தபோது அது நினைவுக்கு வரவில்லை. அவர் எனக்குப் பெரியம்மா, அதனால் அனுமதி கேட்கத் தேவையில்லை என்றுதான் என் மனது நினைத்திருக்க வேண்டும்.

மறைக்கும் வீடு, மறைக்காத போன்

எங்கள் வீடுகளில் பெரிய வருத்தம் என்றால் நோயாளிக்குச் சொல்வதில்லை. ‘சொன்னா மனசு ஒடஞ்சிரும்’ என்பார்கள். வைத்தியரை வெளியே கூட்டிப்போய்க் கேட்பதும், கிளினிக் கொப்பியை ஒளித்துவைப்பதும் சாதாரணம். அந்த வழக்கம் சரியா பிழையா என்ற விவாதம் பழையது. எலிசபெத் கூப்ளர்–ரோஸ் என்ற உளமருத்துவர் 1969இல் இறக்கும் நிலையில் இருந்த நோயாளிகளோடு பேசி எழுதிய நூலில், யாரும் சொல்லாவிட்டாலும் பெரும்பாலான நோயாளிகள் தங்கள் நிலையை உணர்ந்தே இருக்கிறார்கள் என்பதைக் காட்டினார்.

முன்பு ஒரு வீடு மறைக்க நினைத்தால், அந்த லயம் முழுக்கத் தெரிந்தாலும் நோயாளியின் காதுக்குப் போகாமல் காப்பாற்ற முடிந்தது. இன்று அது முடியாது. ஒருவர் படம் போடுகிறார், இன்னொருவர் ‘ஆழ்ந்த அனுதாபங்கள்’ என்று அவசரப்பட்டு எழுதுகிறார், மூன்றாமவர் நேரே நோயாளிக்கே போன் எடுத்து அழுகிறார். வீட்டுக்குள் சொல்லாத உண்மையை வெளியில் அறிவிப்பது மிக மோசமான கலவை. சொல்ல வேண்டிய விடயம் என்றால், பக்கத்தில் ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு சொல்லியிருக்க வேண்டும். பெரியம்மா அதைத் தனியாக இருந்து கேட்டார்.

பிறகு அவர் என்னிடம் சொன்னது இது: “சாவப் போறேன்னு எனக்கு வைகாசியிலேயே தெரியும் பாப்பா. ஒங்களுக்குக் கஷ்டமா இருக்கும்னு நானும் பேசல. ஆனா அந்தப் படத்த யாருகிட்ட கேட்டுப் போட்டீங்க?” சாவு பற்றிய செய்தியைவிட, தலையில் துணியில்லாமல், வாய் திறந்தபடி தன்னை ஊர் பார்த்ததுதான் அவரைக் கூடுதலாகச் சுட்டது. நாற்பது வருடம் கொழுந்து பறித்த மனுசி அவர். கோயில் திருவிழாவுக்கும் கலியாணத்துக்கும் எப்படி உடுத்திக்கொண்டு போவார் என்பது அந்தத் தோட்டத்துக்கே தெரியும்.

பேரன் அன்றே பதிவை நீக்கினான். நானும் நீக்கினேன். ஆனால் அதற்குள் அது எத்தனை போன்களில் சேமிக்கப்பட்டிருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. இலங்கையில் 2022ஆம் ஆண்டின் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒருவரின் உடல்நலத் தகவலைத் தனிக் கவனம் தேவைப்படும் தரவாக வகைப்படுத்துகிறது. சட்டம் நிறுவனங்களைப் பற்றிப் பேசுகிறது. ஒரு பேரன் பாசத்தில் போடும் படத்தைச் சட்டம் வந்து தடுக்காது. அதை வீடுதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

முள்சீத்தா இலையும் மோர்பினும்

பதிவு நீக்கப்பட்ட பின்னரும் அதன் விளைவு நிற்கவில்லை. அடுத்த இரண்டு வாரங்களில் பெரியம்மாவின் மகளுடைய போனுக்கு வந்த ‘மருந்து’களை எண்ணிப் பார்த்தேன். முள்சீத்தா இலைக் கஷாயம் கீமோவைவிடப் பல்லாயிரம் மடங்கு சக்தி வாய்ந்தது என்று மூன்று பேர். எலுமிச்சையும் சுடுதண்ணீரும் என்று இரண்டு பேர். சீனியை நிறுத்தினால் கட்டி பட்டினி கிடந்து செத்துவிடும் என்று ஒரு காணொளி. மோர்பின் கொடுத்தால் நோயாளி சீக்கிரம் செத்துவிடுவார் என்று ஒரு குரல்பதிவு.

முதல் மூன்றும் நோயைக் குணமாக்குவதற்கு மனிதரில் நிரூபிக்கப்பட்ட ஆதாரம் இல்லை. முள்சீத்தாவை நெடுநாள் அதிகமாக எடுத்தால் நரம்புகள் பாதிக்கப்படலாம் என்ற கவலையும் மருத்துவ உலகில் உண்டு. நான்காவதுதான் மிகக் கொடியது. கடும் புற்றுநோய் வலிக்கு மோர்பின் கொடுப்பதை உலக சுகாதார நிறுவனம் 1986இலிருந்து வலியுறுத்தி வருகிறது. அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் அது இருக்கிறது. வைத்தியர் சொன்ன அளவில் கொடுத்தால் அது வலியைக் குறைக்கும். தூக்கமும் மலச்சிக்கலும் வரலாம், அதற்கும் மருந்து உண்டு. திடீரென நிறுத்துவதுதான் ஆபத்து. அந்தக் குரல்பதிவைக் கேட்டு அக்கா இரண்டு நாள் மோர்பினை நிறுத்திவிட்டார். அந்த இரண்டு இரவும் பெரியம்மா கத்தியது அடுத்த லயத்துக்கும் கேட்டதாம்.

2021இல் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவகத்தின் பெயர்கொண்ட ஆய்விதழில் ஓர் ஆய்வு வெளியானது. மார்பகம், புரோஸ்டேட், பெருங்குடல், நுரையீரல் ஆகிய நான்கு புற்றுநோய்கள் பற்றிச் சமூக ஊடகங்களில் அதிகம் பகிரப்பட்ட 200 கட்டுரைகளை நிபுணர்கள் வாசித்தார்கள். அவற்றில் 32.5 வீதமானவற்றில் தவறான தகவல் இருந்தது. 30.5 வீதமானவை தீங்கு விளைவிக்கக்கூடியவை. உண்மையானவற்றைவிடத் தவறானவற்றுக்கே மக்கள் கூடுதலாக எதிர்வினை காட்டியிருந்தார்கள். இதே ஆய்வாளர் பங்குகொண்ட 2018ஆம் ஆண்டின் இன்னோர் ஆய்வு, குணப்படுத்தக்கூடிய நிலையில் இருந்தும் மாற்று மருத்துவத்தை மட்டும் நம்பியவர்களின் மரண அபாயம் இரண்டரை மடங்காக இருந்ததைக் காட்டியது. அவுஸ்திரேலியாவின் பெல் கிப்சன் மூளைப் புற்றுநோயைச் சாப்பாட்டாலேயே குணமாக்கினேன் என்று சொல்லிப் புத்தகமும் செயலியும் விற்றார். புற்றுநோயே இருக்கவில்லை என்று 2015இல் ஒப்புக்கொண்டார். 2017இல் நீதிமன்றம் அவருக்கு 410,000 அவுஸ்திரேலிய டொலர் தண்டம் விதித்தது.

ஆனால் அக்காவை மட்டும் குறை சொல்ல என்னால் முடியவில்லை. நாங்கள் போன வைத்தியசாலையில் மருந்தைப் பற்றிச் சிங்களத்தில்தான் விளக்கினார்கள். அக்காவுக்குச் சந்தைச் சிங்களம் தெரியும், மருந்துச் சிங்களம் தெரியாது. போத்தலில் ஒட்டியிருந்த துண்டில் எத்தனை மில்லிலீற்றர் என்பது மட்டும் இருந்தது. ஏன், எதற்கு, எப்போது நிறுத்தலாம் என்பதை யாரும் அவருக்குத் தமிழில் சொல்லவில்லை. தமிழில், பொறுமையாக, இரவு பத்து மணிக்கு அவரோடு பேசியது அந்தக் குரல்பதிவு மட்டுமே. மலையகத்தில் பொய் மருந்து பரவுவதற்கு அறியாமைதான் காரணம் என்பவர்கள் இந்த இடைவெளியையும் பார்க்க வேண்டும்.

படம் போட்டால்தான் பணமா?

நோயாளியின் படத்தோடு வங்கிக் கணக்கு இலக்கத்தையும் போட்டு உதவி கேட்பது நம்மிடையே பரவலாகிவிட்டது. அதனால் உயிர் பிழைத்தவர்கள் உண்டு. பொருளாதார நெருக்கடியின்போது, 2022 மார்ச் மாத இறுதியில், மருந்தில்லாமல் பேராதனை போதனா வைத்தியசாலையில் வழமையான சத்திரசிகிச்சைகள் நிறுத்தப்பட்ட செய்தி டுவிட்டரில் பரவியது. அதைப் பார்த்த இந்திய வெளிவிவகார அமைச்சர் ஜெய்சங்கர், உதவுவது பற்றிப் பேசுமாறு தங்கள் உயர்ஸ்தானிகரிடம் சொல்லியிருப்பதாக அங்கேயே பதிலெழுதினார். அடுத்த மாதம் இந்தியாவிலிருந்து மருந்துகள் வந்தன. சத்தம் போட்டால் சில நேரம் கேட்கும் என்பதற்கு அது சாட்சி.

ஆனால் அங்கே பேசுபொருளாக இருந்தது ஒரு வைத்தியசாலையின் மருந்துப் பற்றாக்குறை. ஒரு மனிதரின் உடல் அல்ல. உதவி வழங்குவதைப் படம்பிடித்து யூடியூபில் வெளியிடுவது வடக்கில் அண்மைய ஆண்டுகளில் பெரும் சர்ச்சையானது வாசகர்களுக்குத் தெரியும். எவ்வளவு அழுகிறாரோ அவ்வளவு பார்வை, எவ்வளவு பார்வையோ அவ்வளவு பணம் என்பதுதான் அதன் கணக்கு. நோயாளி தன் மானத்தை விற்று மருந்து வாங்குகிறார். போதாததற்கு, ஒரே நோயாளியின் படத்தை வேறு கணக்கு இலக்கத்தோடு போடும் மோசடிக்காரரும் இருக்கிறார்கள்.

பலருக்குத் தெரியாத ஒரு வழியை இங்கே சொல்லவேண்டும். ஜனாதிபதி நிதியத்தின் மருத்துவ உதவிக்கு முன்னர் கொழும்புக்குப் போக வேண்டியிருந்தது. 2025 பெப்ரவரியிலிருந்து பிரதேச செயலகங்கள் ஊடாகவே விண்ணப்பிக்கலாம். தோட்டத்தில் இருப்பவர் பன்வில பிரதேச செயலகத்துக்கும், கிளிநொச்சியில் இருப்பவர் கரைச்சிக்கும் போகலாம். எல்லா நோய்க்கும் எல்லாச் செலவுக்கும் அது கிடைக்காது. இருந்தாலும், படத்தைப் போடுவதற்கு முன்னர் தட்டிப்பார்க்க வேண்டிய கதவு அது.

இரவு நேரத்துக் குரல்

இவ்வளவையும் சொன்னபின், போனை வீட்டிலிருந்து அகற்றிவிட வேண்டும் என்று நான் சொல்லப்போவதாக நினைக்கலாம். பெரியம்மா அப்படி நினைக்கவில்லை.

அவருக்கு இரவு தூக்கம் வருவதில்லை. மகள் காலையில் பெரட்டுக்குப் போகவேண்டும், அவரை எழுப்ப மனம் வராது. அந்த நேரத்தில் அவர் குரல்பதிவு பேசத் தொடங்கினார். ஜன்னலோரத்தில் போனை வைத்தால்தான் சிக்னல் கிடைக்கும். அங்கே கட்டிலை இழுத்துப் போடச் சொன்னார். கிளிநொச்சியில் மழையா என்று என் அம்மாவிடம் கேட்பார். கோத்தகிரித் தங்கச்சியோடு சின்ன வயதில் ஓடையில் விழுந்த கதையைச் சொல்வார். பாரிஸில் இருப்பவர் இரவு வேலை முடித்து வரும்போது கேட்டுவிட்டு உடனே பதில் அனுப்புவார். வாசிக்கத் தெரியாத ஒரு மனுசி நான்கு தேசத்தோடு ஒரே கட்டிலில் இருந்து பேசினார். அந்த நான்கு மாதங்களில் அவர் பேசியது, அதற்கு முந்தைய நாற்பது வருடங்களில் தங்கச்சிமாரோடு பேசியதைவிட அதிகமாக இருக்கும்.

இங்கிலாந்தில் 1967இல் சென். கிறிஸ்தோபர் ஹொஸ்பிஸைத் தொடங்கிய சிசிலி சோண்டர்ஸ், இறக்கும் மனிதரின் வலியை ‘முழு வலி’ என்றார். உடல் வலியோடு மனவலியும், உறவுகளைப் பற்றிய கவலையும், வாழ்வின் பொருளைப் பற்றிய கேள்வியும் சேர்ந்ததே அந்த வலி. இந்தப் புரிதலில் எழுந்ததே வலிதணிப்புப் பராமரிப்பு, அதாவது பலியேட்டிவ் கெயார். உலகில் ஆண்டுதோறும் 5 கோடி 68 இலட்சம் பேருக்கு இது தேவைப்படுகிறது என்றும், 14 வீதமானோருக்கே கிடைக்கிறது என்றும் உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இலங்கையில் 2019–2023 காலத்துக்கென ஒரு தேசியத் திட்டச் சட்டகம் எழுதப்பட்டது. ஆனால் பெரியம்மா இருந்த லயத்துக்கு அப்படியொரு குழு ஒருநாளும் வரவில்லை.

பக்கத்துக் கேரளத்தில் வேறுமாதிரி நடந்தது. 1993இல் கோழிக்கோட்டில் வைத்தியர்கள் எம்.ஆர். ராஜகோபால், சுரேஷ்குமார் ஆகியோர் தொடங்கிய முயற்சி, பின்னர் அயலவர்களையே பயிற்றுவித்து வீட்டுக்கு அனுப்பும் வலையமைப்பாக வளர்ந்தது. 2008இல் கேரள அரசு அதைக் கொள்கையாக ஏற்றது. படுக்கையில் இருப்பவருக்குத் தேவை அயலவர் என்பதே அதன் அடிப்படை. சமூக ஊடகத்தையும் அந்த அளவுகோலால் அளக்கலாம் என்று தோன்றுகிறது. அது ஒரு குரலையோ, ஒருவேளைச் சாப்பாட்டையோ, கிளினிக்குக்குக் கூட்டிப்போக ஒரு ஆட்டோவையோ கொண்டுவந்தால் அது அயல். படத்துக்குக் கீழே அழுமுகம் போட்டுவிட்டு நகர்ந்தால் அது வேடிக்கை பார்ப்பது.

வீட்டில் பேசவேண்டியவை

பெரியம்மாவின் வீட்டில் நாங்கள் பிந்தித்தான் கற்றுக்கொண்டோம். மற்றவர்களுக்கு உதவும் என்பதால் எழுதுகிறேன்.

முதலில் நோயாளியிடம் கேளுங்கள். எதைச் சொல்லலாம், யாருக்குச் சொல்லலாம், எந்தப் படம், யார் கையால். அவர் இன்று சம்மதித்து நாளை வேண்டாம் என்றால் அதுவே முடிவு. நினைவு தெளிவாக இருக்கும்போதே இதைக் கேட்க வேண்டும். நோயின் பெயரை அவரிடம் சொல்ல வீட்டுக்குத் துணிவில்லை என்றால், வெளியிலும் சொல்லக்கூடாது.

வீட்டில் ஒருவர் மட்டும் செய்தி சொல்பவராக இருக்கட்டும். பத்துப் பேர் பத்து விதமாகச் சொல்லும்போதுதான் உயிரோடு இருப்பவருக்கு அனுதாபம் வருகிறது. கிளினிக் கொப்பி, அடையாள அட்டை, பரிசோதனை அறிக்கை ஆகியவற்றைப் படம் எடுத்துப் போடாதீர்கள். பணம் கேட்டே ஆகவேண்டும் என்றால் முகம் இல்லாமலும் கேட்கலாம். விசாரித்துப் பார்க்கத் தெரிந்த ஒருவரின் தொடர்பு இருந்தால் கொடுப்பவர்கள் கொடுப்பார்கள்.

போனில் வரும் எந்த மருந்துக்காகவும் கொடுத்துக்கொண்டிருக்கும் மருந்தை நிறுத்தாதீர்கள். குறிப்பாக வலி மருந்தை. அடுத்த கிளினிக்குக்கு அந்தச் செய்தியைக் கொண்டுபோய்க் காட்டிக் கேளுங்கள். சிங்களம் விளங்காவிட்டால், விளங்கும் ஒருவரைக் கூட்டிப்போங்கள் அல்லது அந்த நேரத்தில் போனில் எடுங்கள்.

நோயாளிக்குச் செய்தி அனுப்புபவர்களுக்கும் ஒன்று. ‘எல்லாம் சரியாகிடும்’ என்பது அவரைப் பேசவிடாமல் செய்கிறது. ‘கடவுள் சோதிக்கிறார்’ என்பதும் அப்படியே. சாப்பிட்டீங்களா, நேத்து தூங்கினீங்களா, அந்தக் கதையை இன்னொருக்கா சொல்லுங்க என்பது போதும்.

இறந்த பின் கணக்குகளுக்கு என்ன ஆகும் என்பதையும் யோசியுங்கள். 2015இலிருந்து முகநூலில் ஒருவர் தனக்குப் பின் கணக்கைப் பார்க்க ஒருவரை நியமிக்கலாம். அவரால் நினைவுப் பதிவு எழுதவும் முகப்புப் படத்தை மாற்றவும் முடியும், இறந்தவரின் தனிப்பட்ட செய்திகளை வாசிக்க முடியாது. கணக்கை அழித்துவிடச் சொல்லியும் முன்கூட்டியே தெரிவு செய்யலாம். கூகுளில் 2013இலிருந்து இதே போன்ற ஏற்பாடு இருக்கிறது. வட்ஸ்அப் கணக்கு 120 நாட்கள் பயன்படுத்தப்படாவிட்டால் பொதுவாக நீக்கப்பட்டுவிடும். குரல்பதிவுகள் உங்கள் போனில் இருந்தாலும், போன் உடைந்தால் போய்விடும். வேண்டியவற்றை வேறோர் இடத்தில் சேமித்து வையுங்கள்.

பச்சைச் சேலைப் படம்

ஒக்டோபரில் பெரியம்மா தகரப் பெட்டியைத் திறக்கச் சொன்னார். மகளின் கலியாணத்தில் பச்சைச் சேலையோடு எடுத்த படம் ஒன்றை எடுத்துப் பேரனிடம் கொடுத்தார். “நான் போனப்பறம் இதப் போடு. வேற எதும் போடாத.” அவன் தலையைக் குனிந்துகொண்டு வாங்கினான். அவனை அவர் ஒருநாளும் திட்டவில்லை.

நவம்பரில் ஒரு விடியற்காலையில் அவர் போனார். என் அம்மா கிளிநொச்சியிலிருந்து வந்துசேர்ந்தார். கோத்தகிரிச் சித்தியிடம் கடவுச்சீட்டு இல்லை, அவரால் வர முடியாது. அதற்கும் பெரியம்மா முன்பே சொல்லி வைத்திருந்தார். “பெட்டிய மூடுறதுக்கு முன்னாடி அவளுக்கு மட்டும் போன்ல காட்டுங்க. எங்கப்பா மொகத்த நான் பாக்கல. அவளாவது என்னயப் பாக்கட்டும். பேஸ்புக்குல போடாதீங்க.”

பேரன்தான் போனைப் பிடித்தான். தலையில் துணி கட்டி, பொட்டு வைத்து, பச்சைச் சேலையிலேயே படுக்க வைத்திருந்தார்கள். சிக்னல் விட்டு விட்டு வந்தது. அந்தப் பக்கம் சித்தி அழுதது பாதி கேட்டது, பாதி கேட்கவில்லை. யாரும் படம் எடுக்கவில்லை. கருமாதி முடிந்த பிறகுதான் பேரன் அந்தப் பழைய படத்தை முகநூலில் போட்டான், பெயரும் தேதியும் மட்டும் எழுதி.

பெரியம்மாவின் இலக்கம் இப்போது எங்கள் குடும்பக் குழுவில் இல்லை. அவருடைய குரல்பதிவுகளில் எனக்கு வந்தவை மொத்தம் அறுபத்து மூன்று. எல்லாவற்றையும் கணினியில் சேமித்து, ஒரு பிரதியை அம்மாவுக்கும் ஒன்றைக் கோத்தகிரிக்கும் அனுப்பியிருக்கிறேன். கடைசியாக வந்தது பதினொரு செக்கன்கள். நான் சாப்பிட்டேனா என்று கேட்கிறார். பின்னால் மழைச் சத்தம்.